மஞ்சள் அட்டை மாட்டிய காளான்

எங்கள் தொழிற்சாலையின் முன்புறப் புல்வெளியைப் பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள். என் பழைய பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் அதைப் படம்பிடித்து அனுப்பி, “கார்டன் சார், உங்க காலத்துல இந்த எடம் எப்படி இருந்துச்சுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க, நோட்டீஸ் போர்டுல போடறோம்” என்று கேட்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைப் பசேல் என்று இருக்கிறது. இந்தப் புல் வாடாது, கருகாது, முக்கியமாக நாறாது. என் பொறுப்பில் இருந்தவரை அந்த இடம் இந்த மூன்றையும் குறைவில்லாமல் செய்தது.

நான் வேலை பார்த்தது மறைமலை நகரில், கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். தினமும் தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறி, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் பாதித் தூக்கத்தை முடித்துக்கொண்டு போய்ச் சேருவேன். பி.காம். படித்துவிட்டு கணக்குப் பிரிவில் சேர்ந்தவன். கம்ப்யூட்டர் வந்தது, என் மேசை போனது. ஆளை என்ன செய்வது என்று தெரியாமல் நிர்வாகப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை, தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்குப் பெயர் தெரிந்த செடிகள் இரண்டு. துளசி ஒன்று, குரோட்டன்ஸ் ஒன்று. அதில் இரண்டாவதைத் தப்பாகத் தெரிந்துவைத்திருந்தேன்.

முதல் வருடமே யூரியாவை அள்ளிப் போட்டு முன்புறப் புல்வெளி முழுவதையும் கருக்கினேன். வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இது ஏதாவது புது ரகப் புல்லா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதற்கு மேல் என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என் மேலதிகாரி வேதநாயகம் சார். நிர்வாக மேலாளர். வெள்ளை முழுக்கைச் சட்டை, மடித்துவிடாத கை, அதட்டாத குரல். அவர் திட்டி யாரும் கேட்டதில்லை. காலையில் வளாகத்தைச் சுற்றி வருவார், நான் பின்னால் நடப்பேன். கீழே ஒரு காய்ந்த இலையோ காகிதமோ கிடந்தால் குனிந்து எடுப்பார், திரும்பி என் சட்டைப் பையில் வைப்பார், ஒரு வார்த்தை பேசாமல் நடையைத் தொடர்வார். அவ்வளவுதான் தண்டனை. ஒருநாள் அவர் வைத்த பீடித் துண்டு துவைக்கும்போது என் மனைவி கையில் கிடைத்தது. பீடியே குடிக்காத நான் அதற்காக ஒரு வாரம் விளக்கம் சொன்னேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்தத் தவறு நடந்தாலும் இடது கையை விரித்து, ‘ஏன்?’ என்று கேட்டு ஒரு விரலை மடக்குவார். பதில் வந்ததும் அந்தப் பதிலுக்கு ஒரு ‘ஏன்’, அடுத்த விரல். ஐந்து விரலும் மடங்குவதற்குள் மூல காரணம் கிடைத்துவிடும் என்பது எல்லாத் தொழிற்சாலைகளிலும் உள்ள நம்பிக்கை. அவசரமான நாட்களில் கேள்வியும் அவரே, பதிலும் அவரே. அப்போது நாங்கள் செய்ய வேண்டியது தலையாட்டுவது மட்டும்.

தோட்ட வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு மரத்தூளுக்காக. வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வரும் மரப்பெட்டிகள் கொல்லைப்புறத்தில் மலைபோல் கிடக்கும். அவற்றைத் தூள் தூளாக அரைத்து, வரவேற்பறைக்கு முன்னால் உள்ள பூப்பாத்தியில் மண் காயாமல் இருக்கப் பரப்பலாம் என்று யோசனை சொன்னேன். செய்தோம். சான்றிதழும் ஒரு ஹாட் பாக்ஸும் கொடுத்தார்கள். ஹாட் பாக்ஸ் இன்னமும் வீட்டில் இருக்கிறது, இட்லி சூடாகவே இருக்கிறது. மரத்தூள் என்ன செய்தது என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

மழை பிடித்துக்கொண்ட சமயம். அடுத்த திங்கட்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. அந்த வாரம் பார்த்து வரவேற்பறை வாசலில் நாற்றம் கிளம்பியது. சாதாரண நாற்றம் இல்லை. செத்த எலி, அழுகிய இறைச்சி, அடைத்துக்கொண்ட சாக்கடை மூன்றும் கூட்டுச் சேர்ந்தது போன்ற நாற்றம். காலையில் ஆளைத் தள்ளும், மதியத்துக்குள் மாயமாகிவிடும். மறுநாள் காலையில் மறுபடியும் வரும். நான் போய்ப் பாத்தியைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தேன். ஜன்னல் வழியாக எல்லாரும் என்னை வேடிக்கை பார்த்தார்கள். நான் போனதெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் என் மூக்குக்கு ஒன்றும் அகப்படவில்லை.

தோட்டத்தில் ஒப்பந்த முறையில் வேலை செய்த பவானி என்ற பெண்மணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து வருவார். என்னைவிடக் கொஞ்சம் வயதில் இளையவர், என்னைவிட நிறைய வேலை செய்பவர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதற்கு முந்தின வாரம் மழைநீர்க் கால்வாயில் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்தது. அதை வெளியே கொண்டுபோய்ப் போடச் சொல்லி அவரிடம்தான் சொல்லியிருந்தோம். போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். பின்பக்க கேட்டில் இருந்த காவலருக்கு அவர் வெளியே போனதாக ஞாபகமில்லை.

வியாழக்கிழமை காலைக் கூட்டம். துப்புரவு, தோட்டம், கேண்டீன் ஆட்கள் எல்லாரும் சைக்கிள் ஷெட் அருகே வரிசையாக நின்றோம். வேதநாயகம் சார் கையை விரித்தார்.

“நாத்தம் ஏன் வருது? ஏதோ செத்துக் கெடக்கு. ஏன் அங்க கெடக்கு? யாரோ பொதச்சிருக்காங்க. ஏன் பொதச்சாங்க? வெளிய தூக்கிட்டுப் போக சோம்பல்.” நான்காவது விரலில் அவர் பார்வை பவானியிடம் போய் நின்றது. ஐந்தாவது விரல் தேவைப்படவில்லை.

“இன்னா சார் இது?” என்றார் பவானி. “அத ஏரிப் பக்கம் போயி போட்டுட்டு வந்தேன். பொதச்சிட்டு பொய் சொல்லுவேனா? தோண்டிப் பாருங்க.”

“பொய் சொல்றீங்கன்னு தான் நெனைக்கறேன் பவானி,” என்றார் சார், அதே மெல்லிய குரலில். அவர் கத்தியிருந்தால்கூட அத்தனை உறைத்திருக்காது. எல்லாரும் பவானியைப் பார்த்தார்கள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தொண்டையைச் செருமினேன். சார் என் பக்கம் திரும்பி, “ஜலதோஷமா? வெந்நி குடிங்க,” என்றார். கூட்டம் முடிந்தது.

தோண்டினோம். பெருச்சாளி இல்லை. மரத்தூளுக்கு அடியில் கோழிமுட்டையைவிடச் சின்னதாக, வெள்ளையாக, மெத்தென்று உருண்டைகள் கிடந்தன. நான் அனுபவசாலி அல்லவா? ஒரு பார்வையிலேயே முடிவுசெய்து “பாம்பு முட்டை!” என்று அலறினேன். வரவேற்பறைப் பெண் நாற்காலி மேல் ஏறினாள். கணக்குப் பிரிவு முழுக்க வெளியே ஓடியது. அந்தக் கலவரத்தில் ஒரு முட்டை மண்வெட்டி பட்டுப் பிளந்தது. உள்ளே கருவும் இல்லை, குட்டியும் இல்லை, ஜவ்வரிசிக் கஞ்சி போல வழவழவென்று ஏதோ இருந்தது. என் பெயர் அன்றைக்குக் கெட்டதுதான் மிச்சம்.

பெருச்சாளி இல்லாவிட்டாலும் சார் அசரவில்லை. “எடத்த மாத்தியிருப்பாங்க. அதனால தான் காலைல வருது, மத்தியானம் போவுது,” என்றார். அன்றே இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, பாத்தி மண்ணை முழுவதும் அள்ளிக் கொல்லைப்புறத்தில் கொட்டிவிட்டுப் புது மண் போட வேண்டும். இரண்டு, பவானியை நாளை முதல் அனுப்ப வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்று ஒப்பந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும். மறுநாள் நாற்றம் நின்றுபோனது. “பாத்தீங்களா?” என்றார் என்னிடம். ஒரே நேரத்தில் இரண்டு மருந்து கொடுத்தால் நோய் எதனால் தீர்ந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி.

எங்கள் குடியிருப்பு சேலையூரில். மேல்மாடியில் கிளாரா மேடம் என்று ஒரு தாவரவியல் பேராசிரியை இருக்கிறார். வியாழன் மாலை லிப்டில் அவரைப் பார்த்தபோது கைப்பேசியில் இருந்த முட்டைப் படத்தைக் காட்டி, இது என்ன பாம்பு என்று கேட்டேன். அவர் லிப்டை விட்டு இறங்கவேயில்லை. மேலேயும் கீழேயும் என்னோடு வந்தார்.

“பாம்பு இல்ல சார், இது காளான். நாத்தக் காளான்னு வெச்சுக்கங்க. முட்டை மாதிரி மண்ணுக்குள்ள இருக்கும். விடியற நேரத்துல ஒடைஞ்சு, ரெண்டு மூணு மணி நேரத்துல கிடுகிடுன்னு எழுந்து நிக்கும். தலையில ஒரு சளி இருக்கும், அது தான் அந்த நாத்தம். செத்தது ஏதோன்னு நெனச்சு ஈ வரும், சளியத் தின்னுட்டு அதுல இருக்கற விதைய எடுத்துட்டுப் போவும். வெயில் ஏறினா சுருண்டு விழுந்துடும். மத்தியானம் பாத்தா ஒண்ணுமே இருக்காது.”

பவானியை விடுவிக்க வேண்டிய சாட்சி தினமும் காலையில் பூச்செடிகளின் மறைவில் வந்து நின்று, நாங்கள் விசாரிக்கப் போவதற்குள் தானே காணாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

“மரப்பெட்டியோட வந்ததா மேடம்?” என்று கேட்டேன், என் ஹாட் பாக்ஸை நினைத்து.

“இருக்கலாம். இங்கயே இருந்ததாவும் இருக்கலாம். முட்டைய வெச்சு எந்த வகைன்னு சொல்ல முடியாது, எழுந்து நின்னா தான் தெரியும். ஒண்ணே ஒண்ணாவது முழுசா கெடைக்குமா சார்? ஈரத்துணி சுத்தி, மண்ணோட ஒரு தொட்டியில வைங்க.”

வெள்ளிக்கிழமை கொல்லைப்புற மண்குவியலில் முழங்கால் வரை இறங்கித் தேடினேன். உடையாத முட்டை ஒன்று அகப்பட்டது. அப்போது பார்த்து பவானியின் போன்.

“சார், கன்ட்ராக்டர் சொன்னாரு. வேல போவுதுன்னு கூட வருத்தமில்ல சார். வேற எடம் பாத்துக்கலாம். அம்மாம் பேரு முன்னாடி பொய் சொன்னேன்னு சொல்லிட்டாரே, அது தான் சார் சோறு எறங்கல.”

“திங்கக்கெழம வரைக்கும் பொறுங்க பவானி. என் கையில சாட்சி கீது,” என்றேன். உணர்ச்சிவசப்பட்டால் எனக்கும் அவர் பாஷை வந்துவிடும். கையில் இருந்தது ஒரு முட்டை. அது எப்போது உடையும் என்று அதற்கே தெரியாது.

முட்டையைத் தொட்டியில் வைத்து, ஈரத்துணி சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பெட்டியால் மூடினேன். தோட்டத்துச் சாமான் அறையில் வைத்தால் யாராவது குப்பை என்று கொட்டிவிடக் கூடாதே. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் தொழிற்சாலையில் பொருள்களில் அட்டை மாட்டும் வழக்கம் உண்டு. பச்சை அட்டை என்றால் சரியான பொருள். சிவப்பு என்றால் குப்பை. மஞ்சள் என்றால் ஹோல்டு, அதாவது இன்னும் முடிவாகவில்லை, பயன்படுத்தவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. மஞ்சள் அட்டை தொங்கினால் முதலாளியே வந்தாலும் கை வைக்க மாட்டார். நான் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, விதிப்படி ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன். பொருளின் பெயர்: காளான். அளவு: வளர்ந்த பிறகு தெரியும். குறிப்பு: ஈரம் காயக் கூடாது. தொட்டியில் மாட்டிவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினேன்.

அந்த விதிக்கு ஒரு பின்பாதி உண்டு என்பது தோட்டக்காரனுக்கு எப்படித் தெரியும்? மஞ்சள் அட்டை மாட்டிய பொருள் எதுவும் இருந்த இடத்தில் இருக்கக் கூடாது. தரக் கட்டுப்பாட்டு ஆட்கள் வந்து எடுத்துப்போவார்கள். அளவு எழுதாத பொருள் நேராக அளவை அறைக்குப் போகும்.

செய்த பாகங்களை அளந்து பார்க்கும் அளவை அறை எங்கள் தொழிற்சாலையின் கர்ப்பக்கிருகம். செருப்பைக் கழற்றி, வெள்ளைக் கோட்டு போட்டு, அவர்கள் கொடுக்கும் நீலச் செருப்பை மாட்டி, முதல் கதவு மூடியபின்தான் இரண்டாவது கதவைத் திறக்க முடியும். வருடம் முழுக்க ஒரே குளிர். உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். முகத்தில் பவுடர் போட்டு வந்தால்கூட அறைப் பொறுப்பாளர் சேகர் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். தலைமுடி கனத்தைக்கூட அளந்து சொல்லும் மனிதர். அந்தக் குளிரில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் மூக்கு நிரந்தரமாக அடைத்துப்போய்விட்டது. இந்தக் கதைக்கு அதுவும் தேவை.

திங்கட்கிழமை காலையில் சாமான் அறையைத் திறந்தால் தொட்டியைக் காணோம். குப்பைத் தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆள் வந்தார்: “கார்டன் சார், அளவை ரூமுக்கு வரச் சொல்றாங்க. வேதநாயகம் சார் அங்க தான் இருக்காரு.”

இரண்டாவது கதவு திறந்ததும் தெரிந்துவிட்டது. அந்த நாற்றத்தை அத்தனை ஆனந்தமாக மோந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கருங்கல் மேசையின் நடுவில், என் தொட்டியில், அது எழுந்து நின்றது. அதன் தண்டின் வடிவத்தை இங்கே விவரிக்க என் மனைவி சம்மதிக்க மாட்டாள். தலையிலிருந்து ஒரு வலை, ஆரஞ்சு நிறத்தில், பெண்குழந்தையின் பாவாடை போல இறங்கியிருந்தது. அசிங்கத்துக்கும் அழகுக்கும் நடுவில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. சேகர் பக்கத்தில் உயரம் பார்க்கும் கருவியோடு நின்றார்.

“முதல் ஷிப்டு வந்தப்பவே ஒடைய ஆரம்பிச்சிடுச்சு சார். அட்டையில வளர்ந்த பிறகு அளவுன்னு போட்டிருந்தீங்க. வளர வளர எடுத்துட்டேன்,” என்று ஒரு தாளை நீட்டினார். “ஒண்ணு தான் இடிக்குது. வலையோட ஓட்டை ஒண்ணு போல ஒண்ணு இல்ல. ரிஜெக்ட் பண்ணிடலாமா?”

வேதநாயகம் சார் சுவரோரமாக நின்றார். தணிக்கைக்காரர்கள் வருவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்தவர். கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் கைக்குட்டையை எடுக்கவில்லை. எதையும் வெளியே காட்டாத மனிதர்.

“சேகர், இந்த ரூமுக்குள்ள ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க வருவாங்களா?”

“விடவே மாட்டோம் சார். நாங்களே தான் தொடைப்போம்.”

“பெருச்சாளி கிருச்சாளி?”

“எறும்பு கூட வராது சார்.”

சார் என்னைப் பார்த்தார். “அப்ப இது...?”

“காளான் சார்,” என்றேன். “பாத்தியில இருந்தது. நீங்க தேடின பெருச்சாளி இது தான்.”

இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த நீண்ட பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. நியாயம், மனிதாபிமானம் எல்லாம் அதில் வரும். வாயைத் திறந்தால் குமட்டியதால் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன்.

கிளாரா மேடத்துக்குப் போன் செய்தேன். யாரையோ பிடித்து வகுப்பை ஒப்படைத்துவிட்டு, தாம்பரத்தில் ரயில் பிடித்து வந்துசேர்ந்தார். தணிக்கைக்காரர்களை வேறு கட்டடத்துக்குத் திருப்பிவிட்டிருந்ததால் காளான் அதே மேசையில்தான் இருந்தது. லேசாகச் சாயத் தொடங்கியிருந்தது. மேடம் மேசைக்கு முன்னால் அப்படியே முழந்தாளிட்டார். “இந்தப் பக்கத்துல இது மொளைச்சதா நான் கேள்விப்பட்டதே இல்ல சார். இத்தனை வருஷமா படத்தக் காட்டியே பாடம் நடத்தியிருக்கேன்,” என்றார். “இங்க ஈ வரல இல்ல? அதனால சளி கூட அப்படியே இருக்கு. வெளிய இப்படிக் கெடைக்கவே கெடைக்காது.” சேகர் நீட்டிய தாளைப் பார்த்துவிட்டு அவருக்குக் கண் கலங்கியது. நாற்றத்தினாலா மகிழ்ச்சியினாலா என்று நான் கேட்கவில்லை.

அன்று மதியமே சார் பவானியை வரவழைத்தார். தன் அறையில், கதவைச் சாத்தி, எதிரில் உட்காரவைத்தார். நானும் இருந்தேன். கொல்லைப்புற மண்குவியலை மேடத்துக்காக அப்படியே விட்டுவைக்கப்போவதாகவும், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பவானிக்கு என்றும் சொன்னார். பிறகு, “நீங்க பொய் சொல்லல பவானி. நான் தான் விசாரிக்காம முடிவு பண்ணிட்டேன்,” என்றார்.

பவானி எழுந்து நின்றார். “சார், அன்னிக்கி அத்தினி பேரு முன்னாடி சொன்னீங்க. இத மட்டும் ரூமுக்குள்ள சொல்றீங்களே.”

நான் ஒத்திகை பார்த்த பேச்சில் இந்த ஒரு வரி இல்லாமல் போய்விட்டதே என்று தோன்றியது. சார் தலையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் காலைக் கூட்டம். சைக்கிள் ஷெட் அருகே எல்லாரும் நின்றோம். பவானி கடைசி வரிசையில் இருந்தார். வேதநாயகம் சாரின் குரல் முன்வரிசையைத் தாண்டி நான் கேட்டதில்லை. அன்று கேண்டீன் வாசல் வரை கேட்டது.

“போன வாரம் இங்க நின்னு, பவானி பொய் சொல்றாங்கன்னு சொன்னேன். அவங்க சொன்னது அத்தனையும் உண்மை. தப்பு என்னோடது. பவானி, என்ன மன்னிச்சிடுங்க.”

பவானி முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை, பலமாகக் கைதட்டிவிட்டேன். காலைக் கூட்டத்தில் கைதட்டும் வழக்கம் எங்கள் தொழிற்சாலையில் கிடையாது. வேறு யாரும் தட்டவில்லை. பாதியில் நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் நான் ஒருவனே தட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“போதும் சார், வுடுங்க. தண்ணி வர்ற நேரம்,” என்று சொல்லிவிட்டு, பவானி குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார்.